எந்த எண், எந்த ஆண்டு? பழைய அமெரிக்க பாக்ஸ்காரை 1:87 அளவில் பிசகாமல் கட்டுவது

பாக்ஸ்கார், அதாவது மூடிய சரக்குப் பெட்டியின் மாடலைக் கட்ட, பிளாஸ்டிக்கில் கத்தி வைக்கும் முன் ஒரு தாளில் இரண்டு விவரங்களை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்: வண்டியின் எண், அது ஓடிய ஆண்டு. "பென்சில்வேனியா ரயில்ரோடு பாக்ஸ்கார் ஒன்று" என்ற அளவிலேயே வேலையை ஆரம்பித்தால், கதவு ஒரு காலத்தையும் பிரேக் இன்னொரு காலத்தையும் சேர்ந்த கலப்படம்தான் கையில் மிஞ்சும். ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டிய வண்டிகள்கூட, பட்டறைக்குப் போய்வந்து போய்வந்து, இருபது ஆண்டுகளில் ஆளுக்கொரு முகமாக மாறிப்போயின.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது பென்சில்வேனியாவின் எக்ஸ்29 என்ற வகை. 1924 முதல் 1934 வரை கிட்டத்தட்ட 30,000 வண்டிகள் கட்டினார்கள். முழுக்க எஃகுத் தகடு போர்த்திய 40 அடி பெட்டி. ஆண்டு 1947 என்று வைத்துக்கொள்வோம். அளவு எச்ஓ, அதாவது நிஜத்தின் ஓர் அடிக்கு மாடலில் 3.5 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 0.29 மி.மீ.

முதலில் உயரம், பிறகுதான் ரிவெட்

ரிவெட்டை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் உயரத்தில் கோட்டைவிடுவார்கள். எக்ஸ்29இன் உள்உயரம் 8 அடி 7 அங்குலம். எச்ஓவில் 30 மி.மீ. அமெரிக்க ரயில்வே நிறுவனங்களின் சங்கமான ஏஏஆரின் 1937ஆம் ஆண்டுத் தர பாக்ஸ்காருக்கு அது 10 அடி, 35 மி.மீ. அதற்குப் பின் வந்த திருத்திய வடிவத்தில் 10 அடி 6 அங்குலம், சுமார் 36.8 மி.மீ. இந்த மூன்றையும் அடுத்தடுத்து இணைத்தால் கூரைக்கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்க வேண்டும். 1940களின் சரக்கு ரயில் படம் எதை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். எல்லாப் பெட்டியும் ஒரே மட்டத்தில் நின்றால் ரிவெட் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

அளவுகளை எடுக்க நம்பகமான இடம் அந்தக் கால எக்விப்மென்ட் ரெஜிஸ்டர். எந்த எண் வரிசையில் எத்தனை வண்டிகள் இருந்தன, உள்நீளம், உள்உயரம், கதவின் அகலம் என்ன என்பதெல்லாம் ரயில்வே வாரியாக அதில் இருக்கும். நீங்கள் தேர்ந்த எண் 1947க்கான பதிப்பில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கழித்துக்கட்டிய வண்டிக்கு டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டிவிட்டுப் பின்னால் கண்டுபிடிப்பது வயிற்றெரிச்சல்.

புகைப்படத்திலிருந்து அளவெடுக்கும்போது 33 அங்குலச் சக்கரத்தை அளவுகோலாக வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். சக்கரம் பக்கச்சுவரைவிட உள்ளே இருப்பதால் படத்தில் சற்றுச் சிறியதாக விழும். அதை வைத்துக் கணக்கிட்டால் சுவரில் இருப்பதெல்லாம் நிஜத்தைவிடப் பெரிதாக வரும். ரெஜிஸ்டரில் அகலம் தெரிந்த கதவுத் திறப்பு சுவரின் தளத்திலேயே இருக்கிறது, அதை அளவுகோலாக்குங்கள். படமும் நேர்ப்பக்கமாக எடுத்ததாக இருக்க வேண்டும்.

1947 என்றால் எது இருக்கும், எது இருக்காது

தேதி ஒன்று கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் தானாகவே தீர்ந்துவிடும். ட்ரக் என்பது வண்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். வார்ப்புச் சட்டத்துக்குப் பதில் தட்டைப் பட்டைகளை வளைத்துப் போல்ட் போட்ட ஆர்ச்-பார் ட்ரக், 1941க்குப் பிறகு ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வண்டிகளில் இருக்கக் கூடாது. எக்ஸ்29க்கு உரியது 2டி-எஃப்8 என்ற வார்ப்பு எஃகு ட்ரக். மாடல் கிட்டோடு வரும் பொதுவான ட்ரக்கை மாட்டிவிட்டு நகர்வதுதான் இந்த வண்டியில் அதிகம் நடக்கும் தப்பு.

பிரேக்கில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய கே வகையில் காற்றுத்தொட்டியும் சிலிண்டரும் பெரும்பாலும் ஒரே உருளையாக ஒட்டியிருக்கும். 1933 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான ஏபி வகையில் வால்வு, இரட்டை அறைத் தொட்டி, சிலிண்டர் என்று மூன்று தனித்தனித் துண்டுகள். கே வகைக்கு முழுத்தடை வந்தது 1953இல்தான். ஆக 1947இல் உங்கள் வண்டியில் எது இருந்தது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும், ஊகம் உதவாது.

முனைச்சுவரும் கதவும் கட்டிய தொகுதியைப் பொறுத்தவை. முதலில் வந்த எக்ஸ்29களுக்குத் தட்டைத் தகடு முனை, பிந்தியவற்றுக்கு நெளிவு அழுத்திய டிரெட்நாட் முனை. கதவிலும் ஆரம்பத்தில் கிரெகோ வகை, பிறகு யங்ஸ்டவுன் வகை. இன்னொன்று: இந்த வண்டிகளின் பக்கச்சுவர் அடிவிளிம்பு துருப்பிடித்து அரித்துப்போக, பட்டறையில் நீளவாக்கில் ஒட்டுத்தகடு அடித்தார்கள். உங்கள் எண்ணின் படத்தில் அது தெரிந்தால் 0.13 மி.மீ. ஸ்டைரீன் (மாடல் வேலைக்கான பிளாஸ்டிக்) தாளிலிருந்து பட்டை வெட்டி ஒட்டுங்கள். இந்த ஒரு பட்டை போதும், அது பட்டறைக்குப் போய்வந்த வண்டி என்பது தெரிந்துவிடும்.

உடலைக் கூட்டுவது

தட்டை ரெசின் பலகைகளாக வரும் கிட்டில் பக்கம் இரண்டு, முனை இரண்டு, கூரை, தரை என்று தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழற்றப் பூசிய வழுக்குப் பொருள் மிச்சமிருந்தால் பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. வளைந்திருக்கும் பலகையைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, கண்ணாடிப் பலகையில் கனம் வைத்து ஆறவிடுங்கள். பிசிரை அரத்தால் எடுக்கும்போதும் பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது, முகமூடியும் அவசியம். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மூலைகளை ஒட்டும் முறை: கண்ணாடி மேல் எஃகு மூலைமட்டத்தை வைத்து, அதற்கு அணைத்தாற்போல் ஒரு பக்கமும் ஒரு முனையும் நிற்க, உள்மூலையில் சூப்பர் குளூவை இரண்டு புள்ளி மட்டும் தொட்டு வையுங்கள். இதேபோல் இரண்டு 'எல்' செய்துகொண்டு பிறகு அவற்றை இணையுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, சமமாக இருந்தால்தான் பசையை முழுதாக ஓடவிட வேண்டும். நான்கு சுவரையும் ஒரே மூச்சில் ஒட்டினால் பெட்டி சாய்சதுரமாகும். பிறகு கூரை உட்காராது, அதற்காகக் கூரையைத் தேய்க்கப் போய் ரிவெட் வரிசையும் போய்விடும்.

தரையை மூடும் முன் எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரை: 1 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். எக்ஸ்29 மாடலின் நீளத்துக்குச் சுமார் 110 கிராம். எடைக்கட்டியை ஒட்டுவதற்குக் கரைப்பான் கலந்த ரப்பர் பசையைத் தொடவே கூடாது. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி மாதக்கணக்கில் அடைந்து கிடந்து ஸ்டைரீன் சுவரை மெதுவாக இளக்கும், பக்கங்கள் வெளியே உப்பும் அல்லது உள்ளே குழியும். ஒட்டிய அன்று ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கெட்டது. சிலிக்கோனோ எபாக்சியோ போதும். ட்ரக் மையத்துக்கு அருகே, வெளியே தெரியாத இடத்தில் 3 மி.மீ. காற்றுத்துளை ஒன்றும் போட்டுவையுங்கள்.

கைப்பிடிக் கம்பிகள்

பெட்டியின் தரம் தெரிவது இங்கேதான். 1911இன் பாதுகாப்பு உத்தரவுப்படி கைப்பிடியின் கனம் குறைந்தது 5/8 அங்குலம், பிடிக்கும் இடத்தின் நீளம் 16 அங்குலம், சுவரிலிருந்து இடைவெளி குறைந்தது 2 அங்குலம், முடிந்தால் 2.5. எச்ஓவில் இவை முறையே 0.18, 4.7, 0.58 முதல் 0.73 மி.மீ. கனத்துக்கு மிக அருகில் வருவது 0.2 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி. பார்க்க அழகு, ஆனால் விரல் பட்டாலே வளையும். அடிக்கடி ஓட்டுகிற வண்டிக்கு 0.25 மி.மீ. போடுங்கள். 0.32 மி.மீ.க்கு மேல் போனால் தண்ணீர்க் குழாய் போலத் தெரியும்.

பெட்டியோடு சேர்த்து வார்த்த கைப்பிடிகளைச் சீவும் முன் சுற்றியுள்ள ரிவெட்டுகள் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள். உளிமுனைக் கத்தியைப் படுக்கவைத்து, மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். துளைக்கு 0.25 கம்பியானால் 0.3 மி.மீ. துளைமுனை. ஊசியால் குழி குத்தாமல் ஆரம்பித்தால் முனை ரிவெட்டில் சறுக்கி வேறு எங்கோ இறங்கும். கையில் சுழற்றும் பின் வைஸ் போதும். மின்துளைக் கருவியின் சூட்டில் பிளாஸ்டிக் உருகி முனையைக் கவ்வி ஒடித்துவிடும்.

கம்பியைச் செருகியதும் அதற்கும் சுவருக்கும் நடுவே 0.6 மி.மீ. கனப் பட்டை ஒன்றை நுழைத்து, கம்பி அதில் படியும்வரை அழுத்துங்கள். பசையை உள்பக்கத்திலிருந்து வைக்க வேண்டும், ஆகவே இந்த வேலை தரையை மூடுவதற்கு முந்தியது. பட்டையை உருவினால் எல்லாக் கைப்பிடியும் ஒரே இடைவெளியில் நிற்கும். கண்ணளவில் வைத்தால் பக்கவெளிச்சத்தில் நிழல் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

அடிப்பகுதியும் ஓட்டமும்

ஏபி பிரேக் என்றால் குழாய்கள் இப்படி: வண்டி நெடுக ஓடும் பிரதானக் குழாயிலிருந்து ஒரு கிளை வால்வுக்கு, வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு, சிலிண்டருக்கு ஒன்று, பிரேக் காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய ரிடெய்னர் குழாய் கைபிரேக் இருக்கும் முனைக்கு ஓடி மேலே ஏறும். கைபிரேக் இருக்கும் பக்கம்தான் பி முனை. நெம்புகோல்களும் தண்டுகளும் அந்தப் பக்கத்தை ஒட்டித்தான் அமையும் என்பதால் பி முனையைக் குறித்துக்கொள்ளாமல் தரையை ஒட்டாதீர்கள். திருப்பி ஒட்டினால் கைபிரேக் சங்கிலி எதிர்முனையை நோக்கி இழுக்கும்.

ட்ரக் திருகுக்கு 2-56 என்ற அமெரிக்கத் திருகு அளவு: 1.78 மி.மீ. துளை போட்டு மரை வெட்டுங்கள். ஒரு ட்ரக்கை இறுக்கி, அது திரும்பலாம், ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது என்ற நிலையில் விடுங்கள். மற்றதை இரண்டு பக்கமும் லேசாக ஆடும்படி தளர்த்துங்கள். இரண்டும் இறுகினால் பாதை சற்றே கோணலான இடத்தில் ஒரு சக்கரம் தூக்கித் தடம் புரளும்.

சக்கரத்தின் விளிம்பகலம் நிஜத்தில் எச்ஓ கணக்குக்கு 1.7 மி.மீ. தான் வரும். வழக்கமான கோட் 110 சக்கரம் 2.8, கோட் 88 என்பது 2.2 மி.மீ. முனையிலிருந்து பார்த்தால் பின்னதில்தான் கண் உறுத்தாது. மாற்றும்போது அச்சின் நீளம் ட்ரக்குக்குப் பொருந்துகிறதா பாருங்கள், கொஞ்சம் நீண்டாலும் சுழலாது. வண்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளரின் மையம் தண்டவாள மேல்மட்டத்திலிருந்து 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் ட்ரக்குக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய வாஷர் போடுங்கள், கப்ளரை வளைக்க வேண்டாம். கேடீ நிறுவனத்தின் தலை சிறிய 158 கப்ளர் நிஜத்துக்கு நெருக்கம்.

பெயின்ட், எழுத்து, அழுக்கு

இரும்பு ஆக்சைடு சிவப்பை மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து, டெக்காலுக்கு முன் கட்டாயம் பளபளப்பு வார்னிஷ். மங்கலான பரப்பின் சொரசொரப்பில் காற்று சிக்கி, டெக்கால் ஓரம் வெள்ளி போல மினுக்கும். அதற்குப் பிறகு என்ன தடவியும் போகாது. ரிவெட் மேல் டெக்கால் படிய இளக்கும் திரவம் தடவியதும் அது சுருங்கிப் பயமுறுத்தும்; காயும்வரை தொடாதீர்கள். காய்ந்தபின் எழும்பி நிற்கும் இடத்தை ஊசியால் குத்தி மறுபடி தடவுங்கள்.

1947க்குப் பென்சில்வேனியாவின் சின்னம் வட்டத்துக்குள் கீஸ்டோன், அதாவது வளைவின் நடுக்கல் வடிவம். நிழல் கீஸ்டோன் 1954இல் வந்தது. டெக்கால் தாளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கை தவறி எடுத்துவிடுவது சுலபம்.

எடைக்குறிப்பைக் கவனியுங்கள். புது வண்டியில் காலி எடைக்குப் பக்கத்தில் "புதியது" என்ற குறியும் மாதமும் ஆண்டும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை மறுபடி நிறுத்து, பழைய எண்ணின் மேல் சதுரமாகப் பெயின்ட் அடித்து, புது எடையையும் எடைமேடைக் குறியையும் தேதியையும் எழுதினார்கள். பதின்மூன்று வயதுக்கு மேலான எக்ஸ்29இல் கட்டிய மாதமே எடைத்தேதியாக நிற்க முடியாது. உடல் நிறத்தைவிடச் சற்றுப் புதிய சிவப்பில் 1946 அல்லது 1947 தேதியுடன் ஒரு சிறு ஒட்டு அடியுங்கள், அதில் அழுக்கைக் குறைத்து விடுங்கள்.

அழுக்கு பெரும்பாலும் நிலக்கரிப் புகைதான், துரு குறைவு. கூரையை மங்கிய கறுப்புக்குக் கொண்டுபோய், பக்கங்களில் ரிவெட் வரிசைக்குக் கீழே மட்டும் லேசாக ஒழுகவிடுங்கள். முனைச்சுவரில் சக்கரம் வாரியடித்த சேறு இரண்டு செங்குத்துப் பட்டையாக, தண்டவாளத்துக்கு நேர்மேலே விழ வேண்டும். துத்தநாகம் பூசிய கூரையுள்ள வேறு வண்டிகளில் பெயின்ட் திட்டுத்திட்டாக உரிந்து சாம்பல் நிறம் தெரியும். எக்ஸ்29இல் அதைச் செய்யும் முன் உங்கள் ஆண்டின் படத்தில் கூரை தெரிகிறதா பாருங்கள்.

கடைசியில், கூராகச் சீவிய வெள்ளைப் பென்சிலால் கதவுக்குப் பக்கத்தில், யார்டு ஊழியர் கிறுக்கிய மாதிரி இரண்டு மூன்று எண்கள், அதில் ஒன்றின் மேல் ஒரு அடித்தல். கதவில் பொருத்திய சிறு பலகையில் 1 மி.மீ. தாள் துண்டு ஒன்றை ஒட்டி, பக்கத்தில் கிழிந்த மிச்சத்தை விட்டுவைத்து, எல்லாவற்றின் மேலும் மங்கல் வார்னிஷை ஒரு தடவை அடியுங்கள்.