போர்க் கைதியை விசாரிப்பது: டீக்கடைப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் டிவியில் போர்ச் செய்தி ஓடினால் போதும், தே தாரிக் ஆறுவதற்குள் பக்கத்து மேசை அண்ணன் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார். "பேரு, நம்பர் தவிர எதையும் கேட்கவே கூடாதுப்பா."

இதுதான் நான் அதிகம் கேட்கும் தப்பு. கேட்கலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 17வது பிரிவு, பிடிபட்ட வீரர் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றை மட்டும் சொல்லியாக வேண்டும் என்கிறது. மற்றதற்கு அவர் வாயைத் திறக்காவிட்டால் அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, திட்டக்கூடக் கூடாது, சோற்றைக் குறைத்து வழிக்குக் கொண்டுவரவும் கூடாது. அந்த நான்கையே சொல்ல மறுத்தால்? பதவிக்குரிய சலுகைகள் குறையலாம், அவ்வளவுதான். "கை வைக்கலையே, ரெண்டு நாள் தூங்கவிடல, அதுல என்ன" என்பவர்களுக்கும் இதே பிரிவுதான் பதில், மனரீதியான வதையையும் அது பெயர் சொல்லியே தடுக்கிறது.

அடுத்தது, "போர்க் கைதி இல்லையென்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்". சரி, அந்த அந்தஸ்து எல்லாருக்கும் கிடைப்பதில்லை, உண்மைதான். நம் ஊர்க் கதையே இருக்கிறது: 1964இல் இந்தோனேசியா ஜொகூரில் பாராசூட்டில் இறக்கியவர்களின் வழக்கு அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, மலேசியாவுக்கு விசுவாசக் கடமை உள்ளவர்கள் எதிரிப் படையோடு வந்தாலும் போர்க் கைதி ஆக முடியாது என்று தீர்ப்பு. ஆனால் அந்தஸ்து போனால் மனிதன் என்ற கணக்கும் போய்விடாது. 1949இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் உள்ள 3வது பிரிவு சித்திரவதையையும் அவமானப்படுத்துவதையும் தடுக்கிறது, அல்-காய்தா கைதிகளுக்கும் அது பொருந்தும் என்று 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது.

கைதியை மண்டியிட வைத்து எடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் தள்ளுகிறோமே, அப்படி வேடிக்கைப் பொருளாக்குவதையும் மூன்றாவது ஒப்பந்தத்தின் 13வது பிரிவு பிடித்துவைத்த நாட்டுக்குத் தடை செய்கிறது. அப்புறம் நாம் அதைப் பரப்புவானேன்?

கடைசியாக, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன தோட்டத் தமிழர்களையும் போர்க் கைதிகள் என்று எழுதுவது. அவர்கள் கூலிகள், பொதுமக்கள். அப்போது இருந்த 1929 ஜெனீவா போர்க் கைதி ஒப்பந்தம் படைவீரர்களுக்கானது, ஜப்பான் கையெழுத்து போட்டும் அதை உறுதி செய்யவில்லை. பொதுமக்களுக்கென்று தனி ஒப்பந்தம் 1949இல்தான் வந்தது. தகவலுக்காக அவர்களை வற்புறுத்தக் கூடாது என்பது அதில் 31வது பிரிவு. அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்துக் காஞ்சனபுரிக்குப் போனால் பாருங்கள், போர்க் கல்லறையில் வீரர்களுக்கு வரிசையாகப் பெயர்க் கல் இருக்கிறது, நம் ஆட்களுக்கு இல்லை.