ஒல்லி ராக்கெட்டில் பாராசூட் கயிற்றை எங்கே கட்டுவது?

பொழுதுபோக்குக்குச் செய்யும் மாதிரி ராக்கெட்டில், மோட்டார் (எரிபொருள் அடைத்த உந்துகுழல்) மட்டுமே நுழைகிற ஒல்லிக் குழாய் என்றால், மோட்டாரைச் சுற்றி வளையம் வைத்து அதில் யூ போல்ட் (U வடிவக் கம்பி) மாட்ட உள்ளே இடமே இருக்காது. மோட்டார் உறையின் மேல்மூடியில் மரையுள்ள துளை இருந்தால் பிரச்சினையே இல்லை, ஒரு ஐ போல்ட்டை (தலையில் வளையமுள்ள திருகை) திருகிக் கயிற்றை அதிலேயே கட்டிவிடுங்கள். மோட்டாரின் அடி விளிம்பு குழாயைவிட அகலமாக இருந்தால் குழாயும் அதில் தொங்கிக்கொண்டே இறங்கிவிடும்.

துளை இல்லையா? அப்போது சூட்டைத் தாங்கும் உறுதியான கெவ்லார் கயிறுதான். குளச்சல் பக்கம் வலைக்கடையில் நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை உள்ளே கட்டாதீர்கள், பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்தின் சூட்டில் உருகிவிடும். கெவ்லாரின் இரண்டு நுனிகளையும், மோட்டார் முடியும் இடத்துக்குச் சற்று மேலே, குழாயின் உள்சுவரில் எதிரெதிராக ஒட்ட வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நீளமான குச்சியால் எபாக்ஸி (இரண்டு கலவைகளைச் சேர்த்தால் இறுகும் பசை) பூசுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகை வேண்டாம், அது சூட்டில் சீக்கிரம் இளகும், மெதுவாக இறுகுவதே நல்லது. பசை கீழே வழிந்தால் மோட்டார் நுழையாது, அதனால் குழாயைப் படுக்கவைத்து ஒரு பக்கம் காய்ந்த பிறகே அடுத்த பக்கம்.

இன்னொன்று, கெவ்லார் குழாயின் வாய் வரை வரக்கூடாது. மெல்லிய கயிறு அல்லவா, இழுக்கிற வேகத்தில் அட்டைக்குழாயைக் கிழித்துவிடும். வாய்க்குக் கீழேயே கண்ணி போட்டு நிறுத்தி, அங்கிருந்து அகலமான நைலான் நாடாவை, ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று நான்கு மடங்குக்கு, தீ தாங்கும் துணி சுற்றிக் கட்டுங்கள்.