மொட்டை மாடியில் இரட்டை நட்சத்திரம் பார்ப்பது எப்படி?

வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, டெலஸ்கோப்பில் இரண்டாகப் பிரிவதுதான் இரட்டை நட்சத்திரம். அதைப் பார்க்க ஊருக்கு வெளியே இருட்டைத் தேடிப் போக வேண்டாம். தெருவிளக்கும் நிலவும் பெரிதாகக் கெடுக்காது. கெடுப்பது அலைபாயும் காற்றுதான். உச்சி வானத்து நட்சத்திரமே துடித்துத் துடித்து மின்னுகிறதா? அன்றைக்கு நெருக்கமான ஜோடிகளை விட்டுவிடுங்கள்.

வெயில் குடித்த மாடித் தளம் இரவில் வெகுநேரம் சூட்டைக் கக்கி, மேலுள்ள காற்றை அலைபாய வைக்கும். மண் தரை கிடைத்தால் டெலஸ்கோப்பை அங்கே வையுங்கள். மாடிதான் என்றால் பின்னிரவு நல்லது. ஏசி அறையிலிருந்து டெலஸ்கோப்பை எடுத்து வந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். துடைக்காதீர்கள், கீறல் விழும். வெளியிலேயே ஒரு மணி நேரம் விட்டால் தானாகக் காயும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது பலரிடமும் இருக்கும் 114 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத் தொலைவுள்ள நியூட்டன் வகை, அதாவது குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப். 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 36 மடங்கும், 10 மி.மீ. 90 மடங்கும், 6 மி.மீ. 150 மடங்கும் பெருக்கும். ஜோடியின் இடைவெளியை (ஆர்க் செகண்டில்; ஒரு பாகையில், அதாவது டிகிரியில், 3600-ல் ஒரு பங்கு) அந்த மடங்கால் பெருக்கினால் 300-க்கு மேல் வரட்டும். அப்போதுதான் கண்ணுக்குச் சுலபமாகப் பிரியும். சப்தரிஷி மண்டலத்தில் அருந்ததிக்குப் பக்கத்திலுள்ள வசிஷ்டரே ஓர் இரட்டை. இடைவெளி 14 ஆர்க் செகண்ட், 36 மடங்கே போதும். புனர்பூசத்தின் காஸ்டருக்கு ஐந்தரைதான்; 36-ல் ஒட்டிக்கொண்டிருக்கும், 90-ல் விலகும்.

பிரியவில்லை என்றால் முதலில் கொலிமேஷனை, அதாவது கண்ணாடிகள் ஒரே நேராக அமைந்திருக்கின்றனவா என்பதைச் சந்தேகப்படுங்கள். பிரகாசமான நட்சத்திரத்தை 150 மடங்கில் நடுவில் வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், குழாயின் அடியில் பெரிய கண்ணாடியைத் தாங்கும் மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். நட்சத்திரம் நகர்ந்துவிடும், மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்துதான் முடிவு செய்ய வேண்டும். நகராது என்பதால் துருவ நட்சத்திரத்தை வைத்துச் செய்யச் சொல்வார்கள். சென்னையில் அது 13 பாகை உயரத்தில் அடிவானப் புகையில் கொதித்துக்கொண்டிருக்கும், அதனால் நமக்கு உதவாது.

அடுத்த கஷ்டம் பிரகாச வித்தியாசம். ஓரியன் மண்டலத்துப் பிரகாசமான நட்சத்திரம் ரைஜலின் துணை ஒன்பதரை ஆர்க் செகண்ட் தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் ஏழாம் ஒளித்தரம் (எண் கூடக் கூட மங்கல்) என்பதால் ரைஜலின் வெளிச்சத்தில் அமுங்கிவிடும். எங்கே தேடுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டெலஸ்கோப்பைத் தொடாமல் ரைஜலை நகர விடுங்கள். அது போகும் திசை மேற்கு. அதைக் கடிகாரத்தின் 12 என்று வைத்தால், துணை 2 மணியைச் சற்றுத் தாண்டி இருக்கும். ஸ்டார் டயகனல் (பார்வையை வளைத்துத் திருப்பும் கண்ணாடி) மாட்டிய லென்ஸ் டெலஸ்கோப்பில் படம் கண்ணாடிப் பிம்பம்போல மாறுவதால் 10 மணிக்குச் சற்று முன்னால் பாருங்கள். 150 மடங்கில், காற்று ஒரு கணம் அடங்கும்போது, ஊசிமுனைப் புள்ளியாகத் தென்படும். மறுபடி மறையும். பொறுமையாக இருங்கள்.

தெற்கே ஆல்ஃபா சென்டாரி. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஏசு சபைப் பாதிரியார் ரிஷோ, அது இரட்டை என்று கண்டார். அதே ஊரில் அது ஏறும் உச்சமே 17 பாகைதான், கன்னியாகுமரியில் 21. மே நடுவில் இரவு 11 மணியளவிலும், ஜூன் நடுவில் 9 மணியளவிலும் உச்சத்தில் இருக்கும். தெற்கே கட்டடமோ தென்னையோ மறைக்காத இடம் வேண்டும். இரண்டும் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. 2016-ல் 4 ஆர்க் செகண்டாக நெருங்கியிருந்தவை இப்போது அதைப்போல இருமடங்கு விலகிவிட்டன. 90 மடங்கில் பிரியும். ஓரங்களில் சிவப்பும் நீலமும் பிசிறித் தெரிந்தால் ஐபீஸைக் குறை சொல்லாதீர்கள். அவ்வளவு தாழ்வில் காற்றே பட்டகம் (பிரிசம்) போல ஒளியைப் பிரிக்கிறது.