கிளாடியோலஸ் கிழங்குக்கு வெங்காய வலைப்பை போதும்

கிளாடியோலஸ் பூச்செடியின் கிழங்கைத் தோண்டி எடுத்ததும் டப்பாவிலோ பிளாஸ்டிக் பையிலோ போட்டு மூடாதீர்கள். வெங்காயம் வாங்கும் வலைப்பையில் போட்டு, காற்றோடும் நிழலில் தொங்கவிடுங்கள்.

மூடி வைத்த கிழங்கில் மேல்தோலுக்கு அடியில் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்துவிடும். வலைப்பையில் எல்லாப் பக்கமும் காற்று படுவதால் அது நடக்காது. இரண்டு மூன்று வாரம் காய்ந்தபின், அடியில் ஒட்டியிருக்கும் சுருங்கிய பழைய கிழங்கு கையால் திருகினாலே கழன்றுவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கிழங்கை மட்டும் வையுங்கள். தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருப்பவர்கள் சித்திரை, வைகாசிக்குள் தோண்டிவிடுவது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வந்துவிட்டால் மண்ணும் காயாது, கிழங்கும் காயாது. பூத்து முடிந்து 6 முதல் 8 வாரத்தில் இலை மஞ்சளாகும். அதுதான் தோண்டும் பக்குவம்.

சுற்றிலும் மணிமணியாக இருக்கும் குட்டிக் கிழங்குகளையும் விடாதீர்கள். தோல் கெட்டியாக இருப்பதால், விதைக்கும் முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். பூக்க இரண்டு மூன்று பருவம் ஆகும், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லையே!

டேலியாவுக்கு இந்த வலைப்பை ஆகாது. அதன் கிழங்குக்குக் காகிதம் போன்ற மேலுறை கிடையாது, சுருங்கிப் போகும். உலர்ந்த தேங்காய் நார்த்தூளில் புதைத்து வையுங்கள். சம்பங்கியை வருடா வருடம் தோண்டவே வேண்டாம். இரண்டு மூன்று வருடம் நிலத்திலேயே கிடந்து பூக்கும்.