குட்டைத் தண்ணீரின் பளபளப்பை அடக்கியது கறுப்புக் குடை

முட்டம் பாறைகளில் கடல் வற்றும் நேரம் தேங்கும் குட்டைகளில் துறவி நண்டு, பொடி இறால், பாசிக்குள் பக்கவாட்டில் படுத்தே நீந்தும் ஆம்பிபாடு என்ற இறால் போன்ற குட்டி உயிரி எல்லாம் உண்டு, ஆனால் படத்தில் விழுந்தது வானமும் என் தொப்பியும்தான். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை லென்ஸில் மாட்டினேன், பளபளப்போடு வெளிச்சமும் குறைந்து படம் கலங்கியது. கடைசியில் கறுப்புக் குடையைக் குட்டைக்கு மேல் சாய்த்துப் பிடித்து, ஃபிளாஷைப் பக்கத்திலிருந்து தாழ்வாக அடித்தேன், நண்டின் கால் மயிர்கூடத் தெரிந்தது.

ஆம்பிபாடுக்குக் குடை போதாது. ஒரு பிடி பாசியைக் கடல்நீர் ஊற்றிய வெள்ளைக் கிண்ணத்தில் அலசுங்கள், வளைந்த முதுகோடு அரிசி மாதிரி உதிரும். சங்குக்குள் போன துறவி நண்டைத் தொடாமல் அசையாமல் இருந்தால் முதலில் கால் நுனி வரும், அப்புறம் கண். படம் எடுத்ததும் எல்லாவற்றையும் அதே குட்டையில் விடுங்கள். அலைக்கு மட்டும் முதுகு காட்டாதீர்கள், அங்கே அது சொல்லிவிட்டு வராது.