நோஃப்ரெத்தின் சிலை: நாம் பார்க்கத் தவறுவது

1871-இல் எகிப்தின் மெய்தூமில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது, மெழுகுவர்த்தியோடு உள்ளே போன தொழிலாளி பயந்து வெளியே ஓடி வந்துவிட்டார். இருட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவரசர் ராஹோதெப், அவர் மனைவி நோஃப்ரெத். படிகக்கல் பதித்த கண்கள். சுமார் 4,600 ஆண்டுப் பழைய சுண்ணாம்புக்கல் சிலைகள், வண்ணம்கூட மங்கவில்லை.

இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் விளக்கொளியில் பார்ப்பதால், இவை நினைவுச் சிலைகள், அழகுக்காகச் செய்தவை என்று நினைத்துவிடுகிறோம். பெரிய தவறு இதுதான். யாரும் வந்து ரசிப்பதற்காகச் செய்திருந்தால் கல்லறைக்குள் வைத்து ஏன் அடைக்க வேண்டும்? இறந்தவரின் ‘கா’ என்ற உயிர்ச்சக்தி வந்து தங்க ஓர் உடல் வேண்டும். பதப்படுத்திய உடல் சிதைந்தாலும் கல் நிலைக்கும். அதனால்தான் சிலைக்கும் வாய் திறக்கும் சடங்கு செய்தார்கள். மூச்சுவிடவும் படையலை உண்ணவும் அந்த வாய் வேண்டும். ‘ஆயிரம் அப்பம், ஆயிரம் பீர்’ என்று கல்லறைகளில் எழுதிவைத்ததும் இந்த உயிருக்காகத்தான்.

அடுத்து நிறம். ராஹோதெப் செம்பழுப்பு, நோஃப்ரெத் வெளிர் மஞ்சள். உடனே இருவரும் வேறு வேறு இனம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் என்பது அக்கால ஓவியர், சிற்பியரின் மரபு.

நோஃப்ரெத்தின் தலைமுடியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தக் கனத்த முடி சவுரி. நெற்றியில் அதற்குக் கீழே வகிடு எடுத்த சொந்த முடி எட்டிப் பார்க்கும். எனக்கு இந்தச் சிலையிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மனைவி என்றால் கணவனின் கால் அருகே சிறியதாகத்தான் இருப்பாள் என்றும் நினைக்க வேண்டாம். அப்படிப்பட்ட சிலைகளும் உண்டு, சரி. ஆனால் நோஃப்ரெத்துக்குத் தனி இருக்கை. கணவருக்குச் சமமான உயரம். அவர் அரசியும் அல்ல. ‘மன்னருக்கு அறிமுகமானவர்’ என்பதே அவருடைய பட்டம். அது அவர் தலையின் இரு பக்கமும் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது.

அந்த எழுத்தை வெறும் அலங்காரம் என்று கடந்து போகிறவர்களும் உண்டு. சிலை யாருடையது என்பதை முகத்தைவிடப் பெயர்தான் முடிவு செய்தது. பெயரை மாற்றி எழுதினால் அதே கல் வேறொருவரின் உடலாகிவிடும். பெயரைச் செதுக்கி அழித்தால், இறந்தவரின் ‘கா’வுக்கு வந்து தங்க இடமே இல்லை.