தலைப்பிரசவம்: அப்பாவாகப் போகிறவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். கணவன் வேலைக்குத் திரும்பிவிடுவான். இது நல்ல வழக்கம். அந்த நேரத்தில் பெற்ற தாய் பக்கத்தில் இருப்பதுபோல் வேறெதுவும் வராது. ஆனால் இந்த வழக்கத்தோடு சேர்ந்தே ஒரு நினைப்பும் வந்துவிடுகிறது: "இனி அத்தையும் மாமாவும் பார்த்துக்கொள்வார்கள், நமக்குப் பணம் அனுப்புவதுதான் வேலை." நான் பார்த்தவரை, முதல் குழந்தைக்கு அப்பாவாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நினைப்பிலிருந்து கிளம்புபவை. நானும் அப்படி இருந்தவன்தான்.

எனக்குச் சென்னையில் வேலை. மனைவி தென்காசிப் பக்கம் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எட்டாம் மாதத்தில் ஓர் இரவு போனில், "ரெண்டு நாளா தலைவலியாவே இருக்குங்க, கண்ணும் ஒரு மாதிரி மங்கலா தெரியுது" என்றாள். "தைலம் தேய்ச்சுட்டுத் தூங்கு, காலையில சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை அத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். ரத்த அழுத்தம் 150/100. அங்கிருந்து அப்படியே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகக்கூடிய நோய் அது.

ஆகவே தொட்டில் வாங்குவதற்கு முன்னால் சில அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்றில் வலி, எந்த மாதத்திலும் ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. இதில் எது நடந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. வண்டி இல்லையென்றால் 108. தூரத்தில் இருக்கும் கணவனிடம்தான் மனைவி முதலில் இதையெல்லாம் சொல்வாள். அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவர்களிடம் மறைத்துவிடுவாள். அதனால் போனை எடுக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த தேதியை அப்படியே நம்பி லீவு போடுவது அடுத்த தவறு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிச் சொல்லும் தேதி அது. சரியாக அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. 37 வாரம் முடிந்ததிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். நான் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். என் மகள் 19 நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். 37 வாரம் முடிந்ததும் டாக்டர்கள் சொன்ன "இதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்" என்ற சேதியை, அலுவலகத்தில் உட்கார்ந்தபடி போனில் கேட்டேன். அன்றிரவு பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன். 36 வாரம் ஆனதும் ஒரு பையைக் கட்டி வைத்துவிடுங்கள். மேலாளரிடமும் "எந்த நாளும் கிளம்புவேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

லீவைப் பற்றி இன்னொன்று. மத்திய அரசு ஊழியர்களுக்கு அப்பாவுக்கென்று 15 நாள் விடுப்பு உண்டு, குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் வேலையில் அப்படிக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை, நிறுவனத்தைப் பொறுத்தது. ஐந்தாம் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிடைக்கிற நாளை எல்லாம் மருத்துவமனை வராந்தாவில் செலவழித்துவிடாதீர்கள். அங்கே நர்ஸ் இருக்கிறார், அத்தை இருக்கிறார், சித்தி இருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகுதான் ஆள் தேவைப்படும். பாதி லீவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காகிதங்கள். தனியார் மருத்துவமனையில்தானே பார்க்கிறோம் என்று கிராம சுகாதார செவிலியரிடம் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். நர்ஸம்மாவிடம் 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும். அப்போது கிடைக்கிற 12 இலக்க எண்ணைத்தான் எல்லோரும் பிக்மி நம்பர் என்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுவே அடிப்படை. தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அது. கணவன் ஊரில் பதிந்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு ஊர் செவிலியரிடமும் தகவல் சொல்லிவிட வேண்டும். மனைவி பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அதிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் மாமனாரை அலைய விடுவது சரியில்லை. இது உங்கள் வேலை.

பிறந்த பிறகு 21 நாளுக்குள் பதிவு. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் அப்பா, அம்மா பெயரை எழுதுகிற நேரத்தில் பக்கத்தில் யாரோ ஒரு உறவினர் நிற்பார், அவர் வாய்க்கு வந்தபடி சொல்லுவார். நீங்களே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே முதன்மையான ஆதாரம். பிறகு திருத்த அலைவது பெரிய பாடு. பெயர் வைக்க மட்டும் அவசரமில்லை. ஓராண்டு வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

உங்கள் ரத்த வகை தெரியுமா? மனைவிக்கு நெகட்டிவ், உங்களுக்குப் பாசிட்டிவ் என்றால் முதல் பரிசோதனையிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 28 வாரம் வாக்கில் ஓர் ஊசியும், குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்றும் போடுவார்கள். விட்டுவிட்டால் பாதிப்பு அடுத்த குழந்தைக்கு வரும். கூடவே, மனைவியின் வகை ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"சுகப்பிரசவம்தான் ஆகும்" என்று நம்பிக்கையோடு இருப்பது வேறு, அதை மட்டுமே கணக்கில் எடுத்துப் பணம் வைப்பது வேறு. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை. கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று. தனியாரில் பார்க்கிறவர்கள் அந்தச் செலவுக்கும் கூடுதலாக இரண்டு மூன்று நாள் படுக்கைக்கும் தயாராக இருக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு எடுக்கிற காப்பீடு பெரும்பாலும் இந்தப் பிரசவத்துக்கு உதவாது, காத்திருப்புக் காலம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அலுவலகக் காப்பீடு இருந்தால் பிரசவத்துக்கு எவ்வளவு, பிறந்த குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

இந்தப் பதற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டு தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒருவர் உங்களைத் தேடி வருவார். அம்மாவிடம் பேசமாட்டார், அப்பாவிடம்தான், "குழந்தைக்காக இதுகூடச் செய்யமாட்டீர்களா" என்று கேட்பார். குழந்தை தனக்கே பிற்காலத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலைப்பாடு. குடும்பத்தில் ஏற்கெனவே ரத்த நோய் இருந்து டாக்டரே சொன்னால் ஒழிய, கையெழுத்துப் போடாதீர்கள்.

அறுவை சிகிச்சை என்றால் நம் ஊரில் உடனே பஞ்சாங்கம் வந்துவிடும். எங்கள் விஷயத்திலும் வந்தது. "நடுவுல அமாவாசை வருது மாப்ளை, ரெண்டு நாள் பொறுத்துச் செய்யச் சொல்லலாம்" என்றார் மாமா. அவர் அன்பினால் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏறியிருக்கிற ரத்த அழுத்தத்தோடு இரண்டு நாள் என்பது தாய்க்கு ஆபத்து. "டாக்டர் சொல்ற நேரம்தான் மாமா நமக்கு நல்ல நேரம்" என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். அவசரம் எதுவும் இல்லாத இடத்தில் இதே ஆசை எதிர்ப்பக்கமாகவும் இழுக்கும்: நல்ல நட்சத்திரம் என்று 39 வாரம் முடியும் முன்பே குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நுரையீரல் முழுதாகத் தயாராகாமல் மூச்சுத்திணறலோடு குழந்தை தீவிர சிகிச்சைக்குப் போக நேரலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதை மருமகள் பேச முடியாது, பெண்ணின் தாய் தகப்பனும் சம்பந்தி வீட்டாரிடம் பேசத் தயங்குவார்கள். அந்த இடத்தில் பேச வேண்டியவர் கணவன்.

சேனை வைப்பதும் அப்படித்தான். குணத்தில் நல்லவர் ஒருவரைக் கொண்டு சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ பிறந்த குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பது. சில ஊர்களில் கழுதைப்பாலும் புகட்டுகிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விதை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால் ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், முதல் நாள் குழந்தைக்கு அதுவே போதும். அறுவை சிகிச்சை ஆனவர்களும் படுத்தபடியே கொடுக்கலாம். "பால் பத்தல, பவுடர் வாங்கிட்டு வா" என்று யாராவது சொன்னதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர் அப்பாதான். ஓடாமல் நர்ஸைக் கூப்பிட்டு, குழந்தை மார்பைச் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில நாளில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது உண்டு. இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஐந்தாறு நாளான பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் சேனை வைக்க ஆசையோடு இருந்தவர் என் அப்பாயி. பிறந்த அன்றைக்கு வாசலில் வைத்துத் தடுத்தால் அவர் மனம் உடைந்துபோகும். அதனால் ஒரு மாதம் முன்பே ஊருக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். "நாக்குல ஒண்ணும் வைக்க வேண்டாம் அப்பாயி, எனக்கும் முன்னால நீங்க மொதல்ல பிள்ளையைக் கையில வாங்குங்க" என்றேன். அப்படியே செய்தோம்.

பொருள் வாங்குவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டியைக் கிழித்து வைத்ததைவிட நல்ல துணி கிடையாது. முன்பக்கம் திறக்கிற நைட்டி, ஃபிளாஸ்க், வாளி, கப், பாய், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆதார் ஜெராக்ஸ், கொஞ்சம் ரொக்கம். போதும். வாக்கர் வாங்கவே வேண்டாம்.

பிரசவமானதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "என்ன குழந்தை?" நீங்களாவது "அவ எப்படி இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். அதைத் தாயின் காதுபடக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் பத்தியம் என்ற பெயரில் அவளுக்குத் தண்ணீரையே குறைப்பார்கள், வயிறு பெருத்துவிடும் என்பார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரும் காய்கறியும் தாராளமாக வேண்டும். ரத்தப்போக்கு மிக அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனை. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டே இருந்தால், குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால், "எல்லாரும்தான் பெத்தாங்க" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அது சிகிச்சை உள்ள நோய். டாக்டரிடம் போகும் முன் பேசிப் பார்க்க 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையும் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். அதுவரை வாரக்கடைசி விருந்தாளியாகப் போய்க் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வருவதோடு நின்றுவிடாதீர்கள். போகிற இரண்டு நாளும் துணி மாற்றுவது, பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வர வைப்பது, ராத்திரி தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் உங்கள் வேலையாக இருக்கட்டும். முக்கியமாக ஒன்றரை மாத ஊசி போடும் நாளைத் தவறவிட வேண்டாம். அன்று தொடை வீங்கும், காய்ச்சல் வரும், குழந்தை யார் தோளிலும் நிலைக்காது. மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நர்ஸம்மா எடையைப் பார்த்துச் சொல்வார், அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்ததுமே அந்தத் தேதியிலிருந்து ஆறு வாரத்தைக் காலண்டரில் எண்ணிக் குறித்து, அந்த நாளுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.